லேசிக் செய்த கண்ணில் அடிபட்டால்: மட்டக்களப்பு, கல்லடி ஊரிலிருந்து ஒரு வழிகாட்டி

அக்காவின் மகளுக்கு அப்போது எட்டு மாதம். மடியில் வைத்துச் சோறு தீத்திக்கொண்டிருந்தேன். கையை வீசினாள், நகம் என் வலக்கண்ணில் பட்டது. நடந்தது அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றுவதற்காகக் கொழும்பில் லேசிக் என்ற லேசர் சத்திரசிகிச்சை செய்து மூன்று வருடம் கழிந்திருந்ததால் அந்தக் கதையே எனக்கு மறந்துபோயிருந்தது. தண்ணீர் கொட்டியது, இமையைத் திறந்தால் சுருட்டிய பொலித்தீன் துண்டொன்று உள்ளே கிடப்பது போல உறுத்தியது, சுவரில் இருந்த மணிக்கூடு இரண்டாகத் தெரிந்தது. அம்மா தாய்ப்பால் விடச் சொன்னா. கசக்கத்தான் கை போனது.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு "கீறல்தான், களிம்பு எழுதித் தாறன்" என்றார். அவர் துண்டு எழுதிக்கொண்டிருக்கும்போது தற்செயலாகக் கேட்டேன், "டொக்டர், இந்தக் கண்ணில லேசிக் செய்தனான், பிரச்சினை இல்லையே?" பேனையை வைத்துவிட்டார். பிறகு கண் பிரிவுக்கு அனுப்பி, ஸ்லிட் லாம்ப் என்ற அந்தப் பெரிய நுணுக்குக்காட்டியில் நாடியை வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது: லேசிக்கில் கண்ணின் முன்பக்கத்தில் வெட்டிய மெல்லிய மூடியின் ஓரம் மடிந்து கிடந்தது. அன்றைக்கே நேராக்கிவிட்டார்கள், பார்வை தப்பியது. நான் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் களிம்போடு வீட்டுக்கு வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

அதனால் புதிதாகக் கண்ணாடியைக் கழற்றியவர்களுக்கும், வீட்டில் கட்டரக்ட் (கண்புரை) செய்த அம்மா அப்பா இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. உங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொன்னதைக் கேளுங்கள்.

முதல் வேலை: உங்கள் கண்ணில் என்ன செய்தார்கள் என்று தெரிந்துவைத்திருங்கள்

"லேசர் அடிச்சது" என்று சொன்னால் போதாது. ஒவ்வொரு முறைக்கும் பலவீனமான இடம் வேறு.

லேசிக் என்றால், கருவிழிக்கு முன்னால் கண்ணாடி போல இருக்கும் கோர்னியாவில் ஒரு மூடி வெட்டுவார்கள். கோர்னியாவின் மொத்தத் தடிப்பே நடுவில் அரை மில்லிமீற்றர் சொச்சம்தான், மூடி அதில் கிட்டத்தட்ட 0.1 மில்லிமீற்றர். செவ்விளநீரைச் சீவும்போது மூடியை முழுதாக வெட்டி எறியாமல் ஒரு பக்கம் ஒட்டவிட்டுத் திறப்பார்களே, அதே மாதிரி. திறந்து, அடியில் லேசரால் செதுக்கி, மூடியைத் திரும்பப் படிய வைத்துவிடுவார்கள். தையல் கிடையாது. ஓரம் ஆறி ஒட்டிக்கொள்ளும், ஆனால் மூடிக்கு அடியில் உள்ள ஒட்டு ஒருநாளும் பழைய பலத்துக்கு வராது. பத்து வருடம் கழித்துக்கூட நகம் கீறி, மரக்கொப்பு அடித்து, காரின் ஏர்பேக் மோதி மூடி இடம்பெயர்ந்தவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். அபூர்வம்தான், பயந்து சாக வேண்டாம். ஆனால் "எனக்குச் செய்து எத்தனையோ வருசம், இனி ஒன்றும் ஆகாது" என்ற கதை மட்டும் வேண்டாம்.

பிஆர்கே என்றால் மூடியே இல்லை. மேல்தோலை மட்டும் எடுத்துவிட்டு லேசர் அடிப்பார்கள், தோல் நாலைந்து நாளில் திரும்ப வளரும். ஆறும் நாட்களில் வலி கூட, ஆனால் பிறகு அடிபட்டால் இடம்பெயர ஒன்றும் இல்லை. என்னைக் கேட்டால், வயலிலோ கராஜிலோ வேலை செய்பவர்களும், கராத்தே மாதிரி விளையாட்டுக்காரரும் சத்திரசிகிச்சைக்கு முன்பே இதைப் பற்றி டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. ஸ்மைல் என்ற முறையில் வெட்டு 2 முதல் 4 மில்லிமீற்றர்தான், அதிலும் மூடி இல்லை. ஐசிஎல் என்றால் கண்ணுக்குள்ளேயே, கதிராளி என்கிற நிற வட்டத்துக்குப் பின்னால், ஒரு மெல்லிய வில்லை வைத்திருப்பார்கள். பலத்த குத்து விழுந்தால் அது நகரலாம்.

இன்னொரு பழைய முறை இருக்கிறது. லேசர் வருவதற்கு முன், எண்பதுகளில், கோர்னியாவில் சைக்கிள் சில்லுக் கம்பி மாதிரி சுற்றிவரக் கத்தியால் கீறிப் பார்வையைத் திருத்தினார்கள், சோவியத் பக்கம் அது பெரிய பிரபலம். அந்தக் காலத்தில் வெளிநாட்டில் இருந்து அதைச் செய்துகொண்டு வந்த மாமாமார் யாரும் உங்கள் குடும்பத்தில் இருந்தால் மற்ற எல்லாரையும்விட அவர்தான் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் கீறல்கள் கிட்டத்தட்ட கோர்னியாவின் அடிவரை போகும், முழுதாக ஆறுவதே இல்லை, முகத்தில் ஒரு பலமான அடி விழுந்தால் அந்தத் தழும்பு வழியே கண் பிளக்கலாம்.

கண் தானத்தில் கிடைத்த கோர்னியாவைப் பொருத்திக்கொண்டவர்களுக்கும் இதே கதைதான். இலங்கைக் கண் தான சங்கத்தை ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கியதில் இருந்து நம் நாட்டுக் கண்கள் உலகம் முழுக்கப் போயிருக்கின்றன, உள்ளூரிலும் கணிசமானோர் மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள். சுற்றிவரத் தைத்த அந்த வட்டம் ஆயுள் முழுக்கப் பலவீனமான இடம்.

நம் பக்கத்தில் அதிகம் கட்டரக்ட்தான். கலங்கிய வில்லையை உள்ளேயே உடைத்து உறிஞ்சுகிற பேக்கோ முறையென்றால் வெட்டு 2, 3 மில்லிமீற்றர், தானாக மூடிக்கொள்ளும். சிறுவெட்டு முறை என்று சொல்வதில் 6, 7 மில்லிமீற்றர் வரும். பழைய தையல் முறையென்றால் அதைவிடப் பெரிது. வெட்டு பெரிதாகப் பெரிதாக, விழுந்து அடிபட்டால் அந்த இடத்தில் திறபடும் வாய்ப்பும் கூடும். முதல் வாரங்களில் கிணத்தடியில் குனிந்து தலை முழுகுவது, நெல் மூட்டை தூக்குவது எல்லாம் நிறுத்த வேண்டும். தொழுகிறவர்கள் நெற்றியை நிலத்தில் வைத்துச் சுஜூது செய்யலாமா, கொஞ்ச நாள் கதிரையில் இருந்து தொழ வேண்டுமா என்று கிளினிக்கில் வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு தாங்களாகவே ஒன்றைத் தீர்மானிக்கிற வாப்பாமாரை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது: கழற்றிய கண்ணாடிக்குப் பதிலாக வேறொரு கண்ணாடி

இது கொஞ்சம் பகிடியாகத்தான் இருக்கும். இருபது வருடம் மூக்கில் கிடந்த கண்ணாடி பார்வைக்கு மட்டும் உதவவில்லை. மோட்டார் சைக்கிளில் போகும்போது பூச்சியைத் தடுத்தது, வயலில் நெல்லுத் தாளின் ஓரத்தைத் தடுத்தது, கச்சான் காற்றடிக்கிற மாதங்களில் கடற்கரை மணலைத் தடுத்தது. அதை நாமே காசு கொடுத்துக் கழற்றிவிட்டோம். அதனால் ஹார்ட்வெயார் கடையில் பொலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று வாங்கி வையுங்கள். சாதாரண கூலிங் கிளாஸ் உடைந்தால் அதன் துண்டே கண்ணுக்குள் போகும், அதை நம்ப வேண்டாம்.

எப்போது போட வேண்டும்? புல்லு வெட்டுகிற மெசினை முடுக்கும்போது கட்டாயம், அது சின்னக் கல்லைக்கூடத் துவக்குச் சன்னம் மாதிரி எறியும். இரும்பில் இரும்பால் அடிக்கும்போது, கிரைண்டர் பிடிக்கும்போது, தேங்காய் உரிக்கும்போது. வேளாண்மை வெட்டுக் காலத்தில் வயல் பக்கம் போனால் நிச்சயம். பின்னேரம் வாவிக்கு அந்தப் பக்கம் உள்ள படுவான்கரையில் இருந்து பாலம் கடந்து வரும்போது லைட்டுக்கு வருகிற பூச்சி முகத்தில் கொட்டும், ஹெல்மட் கண்ணாடியைக் கீழே இழுத்துவிட்டு ஓட்டுங்கள், வியர்த்தால் வியர்க்கட்டும். பட்மின்டன் ஆடுகிறவர்கள் சிரிப்பார்கள், ஆனால் கிரிக்கட் பந்தைவிட எனக்கு ஷட்டிலில்தான் பயம். பந்து பெரும்பாலும் கண்குழி எலும்பில் தட்டுப்படும், ஷட்டிலின் கட்டை சரியாகக் கண்குழிக்குள் பொருந்துகிற அளவு.

சத்திரசிகிச்சை செய்து முதல் வாரம் நித்திரைக்குப் போகும்போது அவர்கள் தருகிற பிளாஸ்ரிக் மூடியைக் கட்டாயம் ஒட்டிக்கொள்ளுங்கள், தூக்கத்தில் நாம் என்ன செய்கிறோம் என்று நமக்குத் தெரியாது. கடல், வாவி, குளம் எல்லாம் டொக்டர் சொல்லும்வரை கிடையாது. கைக்குழந்தை இருக்கிற வீடென்றால் குழந்தையின் நகத்தை வெட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அது ஞாயிற்றுக்கிழமைக் கடமை.

மூன்றாவது: பட்டுவிட்டது, இப்போது என்ன

முதலில், கசக்காதீர்கள். அது எல்லா வகைக்கும் பொது. அப்புறம் என்ன பட்டது என்று பார்த்து அதற்கேற்ப நடக்க வேண்டும், ஏனென்றால் ஒன்றுக்குச் சரியானது மற்றதற்கு நாசம்.

சுண்ணாம்பு, பற்றரி அசிட், வயலுக்கு அடிக்கிற மருந்து, கழிவறை கழுவும் திரவம் பட்டால், ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள். ஆம், ஓடாதீர்கள், முதலில் கழுவுங்கள். பட்ட கண் கீழ்ப்பக்கம் வரும்படி தலையைச் சாய்த்து, மூக்குப் பக்கம் இருந்து வெளியே ஓடும்படி, மெல்லிய தாரையாகக் குறைந்தது அரை மணித்தியாலம். குழாய்த் தண்ணீர், குடிக்கிற போத்தல் தண்ணீர், ஒன்றும் இல்லாவிட்டால் கிணற்றுத் தண்ணீர், எது கிட்ட இருக்கிறதோ அது. லேசிக் செய்த கண்ணானாலும் கழுவத்தான் வேண்டும், குழாயை முழுதாகத் திறந்து பீச்சியடிக்க மட்டும் வேண்டாம். வெற்றிலை வட்டா இல்லாத வீடு நம் பக்கத்தில் குறைவு, சுண்ணாம்பு கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும், சின்னப் பிள்ளைகள்தான் இதில் அதிகம் மாட்டுப்படுவது. சுண்ணாம்பு மற்றவை போல இல்லை, கட்டியாக இமைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு நின்று எரித்துக்கொண்டே இருக்கும். கழுவிக்கொண்டே இமையை விலக்கிப் பார்த்து, தெரிகிற துணிக்கையை நனைத்த பஞ்சால் மெல்லத் தொட்டெடுக்க வேண்டும். கழுவி முடித்துப் போகும்போது மருந்துப் போத்தலையும் கொண்டுபோங்கள்.

குத்தியது, வெட்டியது, பலமாக அடித்தது என்றால் நேர்மாறு. கழுவக் கூடாது, சொட்டு விடக் கூடாது, அழுத்தவே கூடாது. கண்ணில் இருந்து இளஞ்சூடாக ஏதோ வழிந்தால், கரிய மணி வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் இழுபட்டிருந்தால், வெள்ளை விழியில் கறுப்பாக ஏதாவது பிதுங்கியிருந்தால், பார்வை சட்டென்று போனால், கண் கிழிந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஏதாவது குத்தி நிற்கிறதென்றால் பிடுங்காதீர்கள். யோகட் கப் ஒன்றைக் கழுவித் துடைத்து, விளிம்பு புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் மட்டும் தங்கும்படி கவிழ்த்து, பிளாஸ்திரியால் ஒட்டுங்கள். கண்ணில் எதுவும் தொடக் கூடாது என்பதுதான் விஷயம், பஞ்சு வைத்துக் கட்டினால் அதுவே அழுத்தும். சாப்பிடவும் குடிக்கவும் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். தலையை உயர்த்தி இருத்துங்கள். வலிக்கு அஸ்பிரினோ புரூபனோ வேண்டாம், கண்ணுக்குள் இரத்தம் கட்டியிருந்தால் அவை கூட்டிவிடும்.

தூசி, பூச்சி, உமி என்றால் பல தடவை இமைத்துப் பாருங்கள், கண்ணீரே கொண்டுபோய்விடும். இல்லையென்றால் சுத்தமான தண்ணீரால் மெல்லக் கழுவுங்கள். லேஞ்சி முனையால் துடைப்பது, நாக்கால் எடுப்பது, தீக்குச்சியில் பஞ்சு சுற்றித் தோண்டுவது, நந்தியாவட்டைச் சாறு, ஆமணக்கெண்ணெய், தாய்ப்பால் ஒன்றும் வேண்டாம். லேசிக் செய்த கண்ணில் துணி முனையே மூடியைத் தூக்கிவிடும். கராஜ்காரர் சிலர் மரக்கச் செய்கிற சொட்டு வைத்திருப்பார்கள், இரும்புத் தூள் பட்டால் அதை விட்டுவிட்டு வேலையைத் தொடர்வார்கள். அது கோர்னியாவையே அழிக்கும். வெல்டிங் பார்த்த கண் வேறு ரகம், உடனே ஒன்றும் தெரியாது, ஆறு ஏழு மணித்தியாலம் கழித்து நடுச்சாமத்தில் இரண்டு கண்ணிலும் மணல் அள்ளிப் போட்ட மாதிரி எரியும்.

வலியை வைத்துக் காயத்தை அளப்பதில் ஒரு பொறி இருக்கிறது. லேசிக்கில் கோர்னியாவின் நரம்புகளும் வெட்டுப்படுகின்றன, உணர்ச்சி திரும்ப ஆறு மாதம், ஒரு வருடம்கூட எடுக்கும். ஆகவே அந்தக் காலத்தில் வலி குறைவாக இருக்கிறது என்பதை வைத்துக் காயம் சின்னது என்று முடிவுகட்ட முடியாது. பார்வை மங்கினதா, தண்ணீர் ஓடுகிறதா, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லையா, இதைப் பாருங்கள்.

நான்காவது: எங்கே போவது, என்ன சொல்வது

மூடி இடம்பெயர்ந்திருந்தால் ஒரு நாளுக்குள் நேராக்குவது நல்லது. தாமதித்தால் மடிப்பு அப்படியே விழுந்துவிடும், மேல்தோலின் கலங்கள் மூடிக்கு அடியில் புகுந்து வளரத் தொடங்கும். ஆகவே "சனிக்கிழமைதானே, திங்கள் சனல் பண்ணிக் காட்டுவம்" என்று தனியாரில் நேரம் பதிவு செய்யக் காத்திருக்க வேண்டாம். நேரே அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், காசு கேட்கமாட்டார்கள். மட்டக்களப்பு என்றால் போதனா வைத்தியசாலை, அம்பாறை என்றால் பொது வைத்தியசாலை. வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலை, பொத்துவில் மாதிரி இடத்தில் இருந்தால் கிட்டிய ஆஸ்பத்திரியில் காட்டி அங்கிருந்து மாற்றச் சொல்லுங்கள். வாகனம் இல்லையா, 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக் காற்றில் கொண்டுபோகாதீர்கள்.

சிலர் நேரே கொழும்புக்கு பஸ் ஏறுவார்கள், "செய்த டொக்டரிட்டயே காட்டுவம்" என்று. 300 கிலோமீற்றர் சொச்சம், ஒரு இரவு முழுக்கக் குலுங்கிக்கொண்டு. வேண்டாம். முதலில் இங்கே கண் டொக்டர் ஒருவர் பார்க்கட்டும். மூடியைத் தூக்கிக் கழுவித் திரும்பப் படிய வைக்க லேசர் மெசின் தேவையில்லை. பிறகு இங்கிருந்தே கொழும்பு டொக்டருக்குத் தொலைபேசியில் சொல்லலாம், தேவையென்றால் அவர்களே கொழும்பில் உள்ள தேசிய கண் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள்.

போனவுடன் முதல் வசனமே இதாக இருக்கட்டும்: "டொக்டர், இந்தக் கண்ணில லேசிக் செய்திருக்கு, இன்ன வருசம், இன்னது பட்டது, இத்தனை மணிக்கு." ஆறிப்போன மூடியின் ஓரம் டோர்ச் வெளிச்சத்தில் யாருக்கும் தெரியாது, அது டொக்டரின் பிழை இல்லை. நீங்கள் சொல்லாவிட்டால், மடிந்து நிற்கிற மூடியைக் கிழிந்த மேல்தோல் என்று நினைத்து நுனியைப் பிடித்து உரிக்கிற ஆபத்துக்கூட இருக்கிறது. அம்பாறைப் பக்கம் சிங்களம் மட்டும் பேசுகிற டொக்டர் என்றாலும் பரவாயில்லை, லேசிக் என்ற சொல் மூன்று மொழியிலும் ஒன்றுதான்.

ஐந்தாவது: வீட்டுக்கு வந்த பிறகு

மூடியை நேராக்கியபின் மேலே ஒரு பாதுகாப்பு கொன்டக்ட் லென்ஸ் வைத்து அனுப்புவார்கள். உறுத்துகிறது என்று நீங்களாக எடுக்காதீர்கள். எனக்கு ஐந்தாம் நாள் எடுத்தார்கள், அந்த ஐந்து நாளும் தலையணையில் மல்லாந்து படுத்துக் கூரைத் தகடு எண்ணியதுதான் வேலை.

வயலில் பட்ட காயத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நெல்லுத் தாள், கூர், மரக்கொப்பு கீறினால் பங்கசு (பூஞ்சணம்) கண்ணுக்குள் போகலாம். அது உடனே தெரியாது. இரண்டு மூன்று நாள் சுகமாவது போல இருக்கும், ஒரு வாரம் கழித்துக் கருவிழியில் வெள்ளைப் புள்ளி ஒன்று தோன்றும், வலி தோற்றத்துக்கு ஏற்ற அளவு இருக்காது. இந்த நேரத்தில்தான் நம்மில் பலர் பெரிய பிழை விடுகிறோம்: லேசிக்குக்கோ கட்டரக்டுக்கோ தந்த சொட்டு மருந்து மிச்சம் பிரிட்ஜில் இருக்கும், எடுத்து விட்டுக்கொள்வோம். அதில் டெக்சாமெதசோன், பிரெட்னிசலோன் மாதிரி ஸ்டீரொயிட் இருக்கும். சிவப்பு குறையும், மனம் ஆறும், பங்கசு உள்ளே நன்றாக வளரும். திறந்து ஒரு மாதம் கடந்த சொட்டுப் போத்தலை இன்றைக்கே எறிந்துவிடுங்கள். பாமசியில் "கண் சிவப்புக்கு ஏதாவது தாங்க" என்று கேட்கவும் வேண்டாம்.

இன்னொன்று, கிட்டப்பார்வை இருந்தவர்களுக்கு. லேசர் கோர்னியாவைத்தான் மாற்றியது, நீண்டிருந்த கண் நீண்டபடியேதான் இருக்கிறது, விழித்திரை மெலிந்தபடியே. ஆகவே முகத்தில் அடிபட்டு நாட்கள், வாரங்கள் கழித்துக்கூட மின்னல் வெட்டுவது போல ஒளி தெரிந்தால், கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக மிதந்தால், ஒரு பக்கம் திரை இறங்கியது போல மறைந்தால், அன்றைக்கே போக வேண்டும். வலியே இருக்காது, அதனால்தான் பிந்துகிறார்கள்.

கடைசியாக அட்டை. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எந்தக் கண், என்ன முறை, எந்தத் திகதி, முன்பு போட்ட கண்ணாடியின் பவர் எத்தனை, கோர்னியாவின் தடிப்பு எவ்வளவு என்று சத்திரசிகிச்சை செய்த இடத்தில் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். அடிபட்டால் மட்டும் உதவுவதில்லை. மெலிந்த கோர்னியாவில் கண் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், அளக்கிறவருக்கு அது தெரிய வேண்டும். வயது போய்க் கட்டரக்ட் செய்யும்போது உள்ளே வைக்கிற வில்லையின் பவரைக் கணிக்கவும் பழைய அளவுகள் உதவும். மார்கழி வெள்ளத்தில் கோப்போடு போன வீடுகள் நம் ஊரில் எத்தனை, அதனால் போனில் ஒரு படம் எடுத்து அக்காவுக்கோ மச்சானுக்கோ அனுப்பியும் வையுங்கள். என்னுடையது லெமினேட் பண்ணி, பேர்சில் அடையாள அட்டைக்குப் பின்னால் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் ஒரு தண்ணீர்ப் போத்தல், பிளாஸ்திரிச் சுருள், கழுவிய யோகட் கப் ஒன்று. கப்பைப் பார்த்துவிட்டு பொலிஸ்காரர் ஒருவர் இது எதற்கு என்று கேட்டார், சொன்னேன், அவருடைய அம்மாவுக்கும் போன மாதம்தான் கட்டரக்ட் செய்ததாம்.